வயிற்றுக் குழாய்ப் பையைத் தாங்கும் இடுப்புப் பட்டை: கீழக்கரை வெயிலில் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

கணையப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலர் வயிற்றிலிருந்து வெளியே வரும் ஒரு குழாயோடும், அதன் நுனியில் தொங்கும் ஒரு பையோடும்தான் வீடு திரும்புகிறார்கள். அந்தப் பையை உடம்போடு சேர்த்துத் தாங்குவதற்காக விற்கப்படும் துணி இடுப்புப் பட்டையைப் பற்றியது இந்த மதிப்பீடு. என் வாப்பாவுக்கு மதுரையில் விப்பிள் அறுவை நடந்து, வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு குழாயோடு கீழக்கரைக்கு அழைத்து வந்தபோது, இணையக் கடை ஒன்றில் ஐந்நூறு ரூபாய்க்குள் இதை வாங்கினோம். குழாய் எடுக்கப்படும் வரை இது பயன்பட்டது. இடையில் எங்கள் ஊர்த் தையற்காரர் தைத்துக் கொடுத்த இன்னொரு பட்டையும் சேர்ந்துகொண்டதால், இரண்டையும் ஒப்பிட்டே எழுதுகிறேன்.

பட்டையின் நிறைகுறைகளைச் சொல்வதற்கு முன் அந்தக் குழாய் எதற்காக வைக்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் பட்டையை எடைபோட முடியாது. விப்பிள் அறுவையில் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி, சிலருக்கு இரைப்பையின் கடைசிப் பகுதி ஆகியவை அகற்றப்படுகின்றன. பிறகு எஞ்சிய கணையம், பித்தநாளம், இரைப்பை ஆகிய மூன்றும் சிறுகுடலோடு தனித்தனியாக இணைத்துத் தைக்கப்படுகின்றன. அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் தன் குழுவினரோடு 1935இல் இந்த வகை அறுவையைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மூன்று இணைப்புகளிலும் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது கணைய இணைப்பைத்தான். கணையம் மென்மையான உறுப்பு. தையல் அதில் உறுதியாக நிற்பது கடினம். அந்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் உணவைச் செரிக்க வேண்டிய கணையநீர் அக்கம்பக்கத்துத் திசுக்களையும் இரத்தக் குழாய்களையும் அரிக்கத் தொடங்கிவிடும். அப்படிக் கசிவதை வயிற்றுக்குள் தேங்கவிடாமல் வெளியேற்றுவதும், கசிவு இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதும் குழாயின் இரண்டு வேலைகள். இரண்டாவது வேலையை வீட்டில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பட்டை தயாரிப்பவர்களும் மறந்துவிட்டார்கள் என்பதே இந்த மதிப்பீட்டில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது.

குழாயோடு வீட்டுக்கு வந்ததாலேயே அறுவை கெட்டுவிட்டது என்று பொருளில்லை. நலம் விசாரிக்க வந்த உறவினர்கள் பலரும் "இன்னும் டியூபை எடுக்கலையா?" என்று கேட்டு வாப்பாவின் முகத்தை வாடச் செய்ததால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். அறுவைக்குப் பின் 3ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ குழாயில் வரும் திரவத்தில், கணையநீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதியின் அளவு, இரத்தத்தில் இருக்கக்கூடிய இயல்பான உச்ச அளவைப்போல 3 மடங்குக்கு மேல் இருந்தால் அதைக் கசிவாகக் கொள்ள வேண்டும் என்று கணைய அறுவை மருத்துவர்களின் பன்னாட்டுக் குழு ஒன்று 2005இல் வரையறுத்தது. அதே குழு 2016இல் வரையறையைத் திருத்தி, நோயாளியின் நிலையையோ சிகிச்சையையோ மாற்றாத கசிவை உயிர்வேதியியல் கசிவு என்று மட்டும் பெயரிட்டு, ஃபிஸ்டுலா எனப்படும், சிகிச்சை தேவைப்படும் உண்மையான கசிவிலிருந்து பிரித்துவிட்டது. குழாய் 3 வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் அது அந்த எல்லையைத் தாண்டியதாகக் கணக்கு. அப்படித் தாண்டியவர்களிலும் பலருக்குக் குழாயைக் கவனமாக வைத்திருந்தாலே கசிவு தானாக வற்றிவிடுகிறது. ஆகவே அந்த வாரங்களில் குழாய் இழுபடாமலும் அடைபடாமலும் இருப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. ஒரு துணிப் பட்டையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

நாங்கள் வாங்கிய பட்டை அகலமான பருத்தி நாடாவால் ஆனது. முன்பக்கம் வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் மூடியுள்ள சிறு துணிப் பைகள் தைக்கப்பட்டிருந்தன. தையல் நேர்த்தியாக இருந்தது, விளிம்புகள் உடம்பில் உறுத்தவில்லை. ஆனால் பைகளைக் கண்டவுடனேயே ஒரு பொருத்தமின்மை தெரிந்தது. இவ்வகைப் பட்டைகளில் பல, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வைக்கப்படும் பல்பு போன்ற உறிஞ்சுக் குடுவைக்காக வடிவமைக்கப்பட்டவை. அந்தக் குடுவை உள்ளங்கையில் அடங்கும். 100 மில்லி கொள்ளும். நம் மருத்துவமனைகளிலோ வயிற்று அறுவைக்குப் பிறகு பல இடங்களில் தட்டையான, பெரிய, அளவுக் கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் பையையே குழாயோடு இணைத்து அனுப்புகிறார்கள். அதில் உறிஞ்சும் விசை கிடையாது. பை குழாய்த் துளையை விடத் தாழ்வாக இருந்தால்தான் திரவம் இறங்கும். அந்தப் பையை இந்தப் பட்டையின் சிறு பைக்குள் நுழைக்க வேண்டுமானால் மடக்க வேண்டும். மடக்கினால் திரவம் இறங்காது. விற்பனைப் பக்கத்தில் "எல்லா அறுவைக் குழாய்களுக்கும் ஏற்றது" என்று எழுதியிருந்ததை ஏற்க முடியவில்லை. நாங்கள் சிறு பைகளை விட்டுவிட்டு, பட்டையின் அடிவிளிம்பில் ஒரு நாடா வளையம் தைத்து, அதில் பிளாஸ்டிக் பையின் கொக்கியை மாட்டினோம். அதன் பிறகுதான் பட்டை பட்டையாகப் பயன்பட்டது.

வளையத்தோடு சேர்ந்த பட்டைக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். பையில் அரை லிட்டர் திரவம் சேர்ந்தால் அரைக் கிலோவுக்கு மேல் எடை. அந்த எடை நேராகக் குழாயில் தொங்கினால், தோலோடு குழாயைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு நூல் தையல்தான் அதைத் தாங்க வேண்டியிருக்கும். கட்டிலிலிருந்து எழுகிற ஒவ்வொரு முறையும் வாப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது அதனால்தான். பட்டை எடையை இடுப்பெலும்புக்கு மாற்றிவிடுகிறது. முதல் நாள் அணிந்துவிட்டு முற்றத்தைச் சுற்றி நடந்து வந்தவர், "இப்ப இழுக்கலம்மா" என்று சொன்னார். பட்டையைக் கட்டும் இடம் முக்கியம்: அறுவைத் தழும்பின் மேலோ குழாய்த் துளையின் மேலோ கட்டாமல், இரண்டுக்கும் கீழே, இடுப்பெலும்பின் மேல் அமருமாறு கட்ட வேண்டும். கைலி உடுத்துகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கைலியின் முடிச்சும் பட்டையும் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. முடிச்சை இடப்பக்கம் தள்ளி, குழாயில்லாத பக்கத்தில் சொருகிக்கொள்வதே வசதியாக இருந்தது. வாப்பா நாற்காலியில் அமர்ந்து தொழுதபோது, முன்னால் குனிகையில் பை முன்னுக்கு ஊசலாடாமல் தொடையோடு ஒட்டிக் கிடந்தது. அவருக்கு இந்தப் பட்டை பிடித்துப்போனதற்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

எடையைத் தாங்கினாலும், தோலுக்கு அருகில் குழாய் அசையாமல் இருக்கத் தனியாகப் பிளாஸ்திரி வேண்டும். எங்கள் கரையில் அது எளிதல்ல. கடற்காற்றின் ஈரமும் வியர்வையும் சேர்ந்து காகிதப் பிளாஸ்திரியை மதியத்துக்குள் தூக்கிவிடுகின்றன. மதுரை மருத்துவமனையில் ஏசி அறையில் நாள்கணக்கில் நின்ற அதே பிளாஸ்திரி கீழக்கரையில் நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும், ஓய்வுபெற்ற சிஸ்டர் ஒருவர் காட்டிய முறை எங்களுக்குக் கைகொடுத்தது. தோலை ஈரத்துணியால் துடைத்து, விசிறிக் காற்றில் முழுவதும் உலரவிட்டு, முதலில் தோலில் ஒரு பட்டைப் பிளாஸ்திரி ஒட்டினார். பிறகு இரண்டாவது பிளாஸ்திரியைக் குழாயைச் சுற்றி முழுவதும் வளைத்து, குழாய்க்கு அடியில் அதன் இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று கிள்ளி ஒட்டி, மீதி இரு நுனிகளை மட்டும் முதல் பிளாஸ்திரியின் மேல் விரித்து ஒட்டினார். குழாய் தோலில் அழுந்தாமல் ஒரு விரல் உயரத்தில் நிற்கும். யாராவது இழுத்துவிட்டாலும் இழுவை பிளாஸ்திரியில் முடிந்துவிடும், தையலுக்குப் போகாது. தினமும் பிளாஸ்திரியை உரிக்க வேண்டிய ஊரில், அடியில் நிரந்தரமாக ஒன்று இருப்பது தோலையும் காப்பாற்றுகிறது.

இனி குறைக்கு வருகிறேன். பட்டையோடு வந்த பைகள் தடித்த, ஒளி ஊடுருவாத துணியால் ஆனவை. நோயாளியின் கூச்சத்தை மனத்தில் வைத்து, உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று அப்படிச் செய்திருப்பார்கள். வெளியில் போகும்போது அந்த மறைப்பு வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கணைய அறுவைக்குப் பின் குழாயில் வரும் நிறம் ஒரு செய்தி. நாள் முழுவதும் துணிக்குள் மூடி வைத்துவிட்டு, இரவில் பையைக் காலி செய்யும்போது மட்டும் பார்ப்பது போதாது. எங்களுக்கு மருத்துவக் குழு சொல்லி அனுப்பிய நிறங்களை அப்படியே எழுதுகிறேன். முதல் சில நாட்கள் இளஞ்சிவப்பாக இருந்து, பிறகு வெளிர் மஞ்சளாகத் தெளிந்துகொண்டே போவது நல்ல போக்கு. சாம்பலும் பழுப்பும் கலந்து, பாத்திரம் கழுவிய தண்ணீர் போல வந்தால் கணையநீர்க் கசிவு என்று ஐயப்பட வேண்டும். பச்சையாகவோ அடர் மஞ்சளாகவோ வந்தால் பித்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பிடத் தொடங்கிய பிறகு பால்போல வெளுத்து வந்தால் அது நிணநீர். உணவிலுள்ள கொழுப்பே அந்த வெண்மைக்குக் காரணம் என்பதால் நெய்ச்சோறும் தேங்காய்ப்பாலும் பழகிய எங்கள் வீடுகளில் இதை முக்கியமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அப்படி வந்தால் உணவை நாமாகவே மாற்றாமல் மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது புதிய இரத்தம். தெளிந்து வந்துகொண்டிருந்த திரவத்தில் திடீரென்று பளிச்சென்ற சிவப்பு தெரிந்தால், அளவு கொஞ்சம்தான், தானாக நின்றுவிட்டது என்று ஆறுதல்பட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. கசிந்த கணையநீர் அருகிலுள்ள தமனியை அரித்தால், பெரிய இரத்தப்போக்குக்கு முன்னால் இப்படி ஒரு சிறு கசிவு எச்சரிக்கையாக வரக்கூடும். அறுவை முடிந்து வாரங்கள் கழிந்தும் இது நேரலாம். 108ஐ அழைத்துக்கொண்டே அறுவை செய்த மருத்துவமனைக்கும் சொல்லிவிட வேண்டும். கீழக்கரையிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல்.  மாவட்டத் தலைநகரான இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நிலைப்படுத்துவதற்கு முதலில் எங்கே போக வேண்டும் என்பதை மருத்துவக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது, இவ்வளவு தொலைவில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டாயம். இந்த அளவுக்குக் கண்காணிக்க வேண்டிய ஒரு திரவத்தை மூடி மறைப்பதையே பெருமையாகச் சொல்லி ஒரு பட்டையை விற்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

எங்களுடைய மருத்துவமனை கொடுத்த தாளில் குழாய்ப் பராமரிப்பு என்று ஒரே ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில் இருந்தது. விவரங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஆகவே பட்டையோடு சேர்த்து வாங்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மில்லி கோடு போட்ட ஒளி ஊடுருவும் அளவுக் குவளை ஒன்று அவசியம். பையில் அச்சிட்டிருக்கும் கோடு தோராயமானது; பை சாய்ந்தாலோ சுருங்கினாலோ அளவு மாறிக் காட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவி, பையின் கீழ்த் திறப்பைத் திறந்து குவளையில் வடித்து, திறப்பின் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மூடிவிட்டு, குவளையைச் சன்னல் திண்ணையில் கண்ணுக்கு நேராக வைத்து உம்மா அளவைப் படிப்பார். நான் நோட்டில் நேரம், அளவு, நிறம் மூன்றையும் எழுதுவேன். குவளைக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்து, விளக்கைப் போடாமல் பகல் வெளிச்சத்திலேயே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. எப்போதும் அதே சன்னல், அதே குவளை என்பதால், அடுத்தடுத்த நாட்களின் படங்களை வைத்துப் பார்க்கும்போது நிறம் தெளிந்து வருவது மருத்துவருக்கும் எங்களுக்கும் ஐயமின்றித் தெரிந்தது. பை பாதி நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். பல்பு வகைக் குடுவை வைத்திருப்பவர்கள் காலி செய்தபின் அதைப் பிதுக்கிக் காற்றை வெளியேற்றி, பிதுக்கிய நிலையிலேயே மூடினால்தான் உறிஞ்சும்.

துத்தநாகக் களிம்பும் வேண்டும். குழாய்த் துளையைச் சுற்றித் திரவம் கசிந்தால் கணையநீர் தோலையும் அரித்து, புண்ணாக்கி எரிய வைக்கிறது. மருத்துவரைக் கேட்டு இந்தக் களிம்பைத் தோலில் மெல்லிய படலமாகப் பூசி வந்தபோது வாப்பாவுக்குச் சிவப்பு தணிந்தது. துளையோரம் சீழ், வீக்கம், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், வந்துகொண்டிருந்த திரவம் திடீரென்று நின்றுபோய் வயிறு வலிப்பது, குழாய் சில விரற்கடை வெளியே வந்துவிட்டதாகத் தெரிவது ஆகிய எதுவானாலும் உடனே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். வெளியே வந்த குழாயை வீட்டில் உள்ளே தள்ளக்கூடாது.

துவைப்பதில் பட்டை தேறியது, வெல்க்ரோ தேறவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். சோப்பு நுரைக்காது, துணி காய்ந்தால் விறைத்துப் போகிறது. கடைசி அலசலைக் காவிரித் தண்ணீரில் செய்தால்தான் பருத்தி மென்மையாக நின்றது. வெல்க்ரோவில் நூல் பிசிறும் மணலும் சேர்ந்து சில துவைப்புகளுக்குள்ளேயே பிடி தளர்ந்தது; நடந்து போகும்போது அது விட்டுப்போனால் பையின் முழு எடையும் ஒரே நொடியில் குழாய்க்குப் போய்விடும் என்பதால், மேலே ஒரு நாடா முடிச்சையும் சேர்த்தே போட்டோம். இரண்டு பட்டைகள் இல்லாமல் இந்த ஊரில் சமாளிக்க முடியாது. ஒன்று உலரும்போது ஒன்று இடுப்பில் இருக்க வேண்டும், ஈரப் பட்டையை ஒருபோதும் கட்டக்கூடாது.

இரண்டாவது பட்டை தேவைப்பட்டபோதுதான் தையற்காரரிடம் போனோம். பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து அவர் தைத்த பட்டையில் வெல்க்ரோ கிடையாது, மூன்று இடங்களில் நாடா. பிளாஸ்டிக் பையைக் கொண்டுபோய் மேசையில் விரித்து, அதன் நீள அகலத்துக்குத் தொடைப்பக்கம் தொங்கும் ஒரு துணிப் பையை வெட்டினார். அதன் முன்பக்கத்தில் கொசுவலைத் துணியால் ஒரு சன்னல் வைத்து, சன்னலின் மேல் தூக்கக்கூடிய ஒரு மடிப்பையும் தைத்தார். வீட்டில் மடிப்பைத் தூக்கிச் செருகிவிட்டால் நிறமும் அளவும் எந்நேரமும் தெரியும். பள்ளிவாசலுக்கோ மருத்துவமனைக்கோ போகும்போது இறக்கிவிட்டால் மறைந்துவிடும். கீழே ஒரு திறப்பு விட்டதால் பையைக் கழற்றாமலே காலி செய்யலாம். கடைப் பட்டையின் விலையில் பாதிகூட ஆகவில்லை. வாப்பா பகலில் இதையும், இது துவைக்கப்படும்போது மட்டும் கடைப் பட்டையையும் அணிந்தார்.

இரவில் எந்தப் பட்டையும் தேவையில்லை, அணியவும் கூடாது என்பது என் கருத்து. புரண்டு படுக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு குழாயை மடக்கிவிடுகிறது. பையைக் கட்டிலின் சட்டத்தில், குழாய் இருக்கும் பக்கமாகவே, தரையில் படாத உயரத்தில் மாட்டிவிடலாம். பாயில் படுத்துப் பழகியவர்கள் இந்த வாரங்களுக்காவது கட்டிலுக்கு மாற வேண்டும். பாயில் படுத்தால் பையும் வயிறும் ஒரே மட்டத்தில் இருப்பதால் திரவம் இறங்குவதில்லை. பரிசோதனைக்காகப் பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரைக்குக் காரில் போனபோது, புறப்படுமுன் பையைக் காலி செய்து, இருக்கைப் பட்டி குழாயின் மேல் அழுந்தாதபடி ஒரு துண்டை மடித்து இடையில் வைத்தோம். கடல் குளியலும் தொட்டிக் குளியலும் குழாய் இருக்கும் வரை ஆகாது. உடம்பைத் துடைத்துவிடும் நேரத்தில் பையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நீள நாடா போதும், பை துளைக்கு மேலே ஏறாமல் நாடாவின் நீளத்தைச் சரிபார்த்துக்கொண்டால் சரி.

பல்பு வகைக் குடுவையோடு வீடு திரும்புகிறவர்கள் இந்தப் பட்டையைத் தாராளமாக வாங்கலாம். துணிப் பைக்குள் குடுவை சரியாக அமரும், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டால் நிறமும் தெரியும். தட்டையான பெரிய பையோடு வருகிறவர்கள் வாங்குவதற்கு முன், மருத்துவமனையிலேயே பையின் நீள அகலத்தை அளந்து கொண்டு, விற்பவர் கொடுத்திருக்கும் அளவோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒத்து வராவிட்டால் அந்த அளவுத் தாளை எடுத்துக்கொண்டு ஊர்த் தையற்காரரிடம் போவதே நல்லது. நோயாளி வீடு வந்து சேருவதற்கு முந்தைய நாளே தைக்கக் கொடுத்து, இரண்டாகத் தைத்து, ஒருமுறை துவைத்து உலர்த்தி வைத்துவிட்டால், முதல் இரவுக்கு அடுத்த காலையில் அவர் கட்டிலிலிருந்து எழும்போது கட்டிவிடலாம்.